தராசைத் தள்ளி வையுங்கள்... பிள்ளையைப் பாருங்கள்!

நாகர்கோவிலில் ஒரு கல்யாண மண்டபம். பந்தி நடக்கிறது. பருப்பு, நெய், அவியல், எரிசேரி, புளிசேரி, இஞ்சிக்கறி என்று இலை நிறைந்து கிடக்கிறது. அடைப்பிரதமன் வாளியோடு வருகிற பெரியம்மா ஒருவர், ஆறாம் வகுப்புப் படிக்கிற பெண்ணின் இலையைப் பார்த்ததும் நிற்கிறார். "இன்னும் ஒரு அகப்பை விட்டுக்கோ மக்கா... வளருத பிள்ளைல்லா!" என்று வாஞ்சையோடு ஊற்றுகிறார். பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில், அதே பெரியம்மா, அந்தப் பெண்ணின் அம்மாவைப் பிடித்துக்கொள்கிறார். பெண்ணின் காது படவே கேட்கிறார்: "ஏம்மா, பிள்ளை என்ன இப்படித் தடிச்சுப்போச்சு? கொஞ்சம் பாத்துக் குடுக்கப்பிடாதா? நாளைக்கு எவன் வந்து கெட்டுவான்?"

இந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஊற்றியதும் அன்புதான், கேட்டதும் அக்கறைதான். இரண்டுக்கும் நடுவில் ஈரக் கையோடு நிற்கிற பதினோரு வயசுப் பெண்ணுக்கு மட்டும் எதைக் கேட்டு நடப்பது என்று தெரியவில்லை. சாப்பிட்டால் பாராட்டு, சாப்பிட்ட பிறகு ஏச்சு!

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா என்ன செய்கிறார்? அவருக்கும் அவமானமாக இருக்கிறது. அந்த அவமானம் பெண்ணின் பக்கம் திரும்புகிறது. "பாத்தியா, ஊரே சொல்லுது. நாளையிலேருந்து ராத்திரி ரெண்டு தோசைதான்." இந்த இடத்தில்தான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பெரியம்மா சொன்னது ஒரு கீறல். அம்மா சொன்னது அப்படியல்ல. வெளியே யார் எதைச் சொன்னாலும் வந்து ஒதுங்க வீடு என்று ஒன்று இருக்கிறது என அந்தப் பிள்ளை நம்பியிருந்தது. அந்த நம்பிக்கையில் விழுந்த அடி அது.

"சொன்னால்தானே திருந்தும்?"

பெற்றோர் பலரும் கேட்கிற கேள்வி இது. 'சொல்லாமல் விட்டால் இன்னும் குண்டாகி விடாதா? ரோஷம் வந்தால்தானே குறைப்பாள்?' நியாயமான கேள்வி மாதிரிதான் தெரிகிறது. ஆனால் ஆராய்ச்சிகள் சொல்வது நேர்மாறு.

அமெரிக்காவில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹங்கர், ஜேனட் டொமியாமா என்ற இரு ஆய்வாளர்கள் 2014-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண் குழந்தைகளைப் பத்து வயதிலிருந்து பத்தொன்பது வயதுவரை தொடர்ந்து கவனித்த ஒரு பெரிய ஆய்வின் விவரங்களை எடுத்துக்கொண்டார்கள். பத்து வயதிலேயே யாரோ ஒருவரிடமிருந்து 'நீ ரொம்ப குண்டு' என்று கேட்டிருந்தவர்கள் 58 சதவீதம்! அந்தப் பேச்சைக் கேட்ட பெண்கள் பத்தொன்பது வயதில் உடல் பருமன் நிலையை எட்டுவதற்கான வாய்ப்பு, கேட்காத பெண்களைவிட 1.66 மடங்கு அதிகமாக இருந்தது. 'ஆரம்பத்திலேயே குண்டாக இருந்த பிள்ளைகளைத்தானே அப்படிச் சொல்லியிருப்பார்கள்?' என்று நீங்கள் கேட்கலாம். பத்து வயதில் இருந்த எடை, குடும்ப வருமானம், வயசுக்கு வந்த காலம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. பேச்சு மட்டுமே காரணம் என்று இதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாதுதான். ஆனால் சொல்வதால் எடை குறையும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களுக்கு இதில் ஒரு துளி ஆதாரமும் கிடைக்காது.

ஏன் இப்படி ஆகிறது? காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். மனசு நொந்த பிள்ளை என்ன செய்யும்? விளையாட்டு மைதானத்துக்குப் போகாது. நாலு பேர் கண்ணில் படாத மூலையில் உட்காரும். அழுகையை அடக்க வாயில் எதையாவது போடும். எல்லோருக்கும் எதிரில் இரண்டு தோசையோடு எழுந்துவிட்டு, பிறகு அடுக்களையில் ஆள் இல்லாத நேரத்தில் டப்பாவைத் திறக்கும். தின்ற பிறகு குற்ற உணர்ச்சி. அது தாங்காமல் மறுபடியும் தின்பது. இந்தச் செக்கில் ஒருமுறை மாட்டிக்கொண்டால் வெளியே வருவது பெரியவர்களுக்கே கஷ்டம்.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் வளர் இளம் பருவத்தினரிடம் நடத்திய நீண்ட ஆய்விலிருந்து 2013-ல் வந்த கட்டுரையும் இதையொட்டியே பேசுகிறது. எடையைப் பற்றிப் பேசும் பெற்றோரின் பிள்ளைகள் பட்டினி கிடப்பது, கண்டபடி டயட் இருப்பது, அடக்க முடியாமல் அள்ளித் தின்பது போன்ற பழக்கங்களில் அதிகம் விழுந்தார்கள். சத்தான சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசி, எடையைத் தொடாத பெற்றோரின் பிள்ளைகளிடம் அந்தப் பழக்கங்கள் குறைவாக இருந்தன. சாப்பாடு பற்றிய பேச்சு இரண்டு வீட்டிலும் உண்டு. ஆனால் 'இந்தக் கீரை கண்ணுக்கு நல்லது' என்பது ஒரு பேச்சு, 'இதைத் தின்னா இன்னும் ஊதிடுவ' என்பது வேறு பேச்சு.

அது யார் குற்றம்?

பல வீடுகளில் பருமனான பிள்ளையைப் பார்த்தால் உடனே எழுகிற எண்ணம்: 'தீனிப் பண்டாரம். வாயைக் கட்டத் தெரியவில்லை.' இந்த எண்ணத்தை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். ஆல்பர்ட் ஸ்டங்கர்ட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் டென்மார்க்கில், சிறு வயதிலேயே தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்து பெரியவர்களான 540 பேரை ஆராய்ந்து 1986-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுடைய உடல்வாகு, சோறு போட்டு வளர்த்தவர்களைப்போல அல்லாமல், பெற்ற தாய் தகப்பனைப்போலவே இருந்தது. வீட்டுச் சாப்பாட்டுக்கு இதில் பங்கே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரே அடுக்களையில், ஒரே குழம்பைச் சாப்பிட்டு வளரும் அண்ணன் ஈர்க்குச்சி மாதிரியும் தங்கை பூசினாற்போலவும் இருப்பதற்கு, தங்கையின் 'பேராசை' காரணமாக இருக்க வேண்டியதில்லை என்றுதான் அர்த்தம். அப்பா வழி அத்தையின் பழைய போட்டோவை ஒருதரம் எடுத்துப் பாருங்கள். பாதிப் பதில் அதில் கிடைத்துவிடும்!

வயசும் ஒரு காரணம். பெண் குழந்தைகளுக்குப் பூப்பெய்துவதற்கு முந்தைய ஓரிரு வருடங்களில் உடம்பு சதை பிடிப்பது இயற்கை. பையன்களிலும் பலர் பத்து, பன்னிரண்டு வயதில் உருண்டையாகி, பிறகு மளமளவென்று உயர்ந்துவிடுவார்கள். உயரத்துக்கு உடம்பு முன்கூட்டியே சேமித்து வைக்கிற பருவம் அது. அந்த நேரத்தில் சோற்றைக் குறைத்துப் பட்டினி போடுவது வளர்ச்சியையே கெடுக்கும்.

இன்னொன்று: பெரியவர்களுக்குச் சொல்கிற எடைக் கணக்கைப் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். குழந்தைகளுக்கு வயதையும் ஆண், பெண் என்பதையும் வைத்துத் தனி வளர்ச்சி வரைபடம் இருக்கிறது. இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர்களின் அமைப்பு 5 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கான வரைபடத்தை 2015-ல் புதுப்பித்து வெளியிட்டது. அதில் உங்கள் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்ப்பது டாக்டரின் வேலை. பக்கத்து வீட்டு மாமியின் வேலையும் இல்லை, உங்கள் வேலையும் இல்லை. வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளையை அதில் ஏற்றி நிறுத்தி, முகத்தைச் சுளிக்கிற வழக்கம் எந்த நோய்க்கும் மருந்தல்ல.

"அம்மா, நான் குண்டா இருக்கேனா?"

ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் இந்தக் கேள்வி வரும். பெரும்பாலும் படுக்கப் போகிற நேரத்தில், விளக்கை அணைத்த பிறகுதான் வரும். நம்மில் பெரும்பாலோர் பதறிப்போய், "சே, யார் சொன்னா? நீ குண்டே இல்லை" என்று மறுத்துவிடுவோம். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் பிள்ளைக்குக் கண் இருக்கிறது, கண்ணாடியும் இருக்கிறது. அம்மா பொய் சொல்கிறாள் என்று புரியும். அதோடு, 'குண்டாக இருப்பது சொல்லக்கூட முடியாத அளவு மோசமான விஷயம் போலிருக்கிறது' என்றும் புரிந்துகொள்ளும்.

அதற்குப் பதில், முதலில் கேளுங்கள். "யாராவது ஏதாவது சொன்னாங்களா மக்கா?" அவ்வளவுதான். பிறகு காத்திருங்கள். அவசரப்பட்டு ஆறுதல் சொல்லாதீர்கள். பள்ளி வேனில் யார் பக்கத்தில் உட்கார மறுத்தார்கள், பி.டி. பீரியடில் யார் சிரித்தார்கள், குரூப் போட்டோவில் எதற்காகப் பின்வரிசைக்கு அனுப்பினார்கள் என்று ஒவ்வொன்றாக வரும். முழுதாக வரட்டும். "அது கேக்க ரொம்ப வலிச்சிருக்கும்" என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு, உண்மையைச் சொல்லலாம்: "ஒவ்வொருத்தர் உடம்பும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். உன் உடம்பு இப்ப வளர்ந்துக்கிட்டு இருக்கு. அதை நல்லா பாத்துக்கறது என் பொறுப்பு, அப்பா பொறுப்பு. உன்னைக் கேலி பண்ணது தப்பு. அது உன் தப்பு இல்லை."

"கொஞ்சம் குறைச்சா யாரும் கேலி பண்ண மாட்டாங்க" என்று மட்டும் முடித்துவிடாதீர்கள். அடித்தவனை விட்டுவிட்டு அடிபட்டவனைத் திருத்துகிற பேச்சு அது.

பையன்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். 'தடியா' என்று கூப்பிட்டால் கூடவே சிரிப்பார்கள். கேலிக்கு முந்திக்கொண்டு தன்னைத்தானே கேலி செய்துகொள்வார்கள். நம் சினிமாக்களில் குண்டுப் பையன் என்றாலே தின்பதும் விழுவதும்தானே வேலை! வீட்டில் எல்லோரும் 'அவன் ஜாலி டைப்' என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அந்தப் பையன் குளத்தில் குளிக்கும்போது மட்டும் சட்டையைக் கழற்ற மறுக்கிறானா என்று கவனியுங்கள். வார்த்தையில் வராதது அங்கே தெரிந்துவிடும்.

உறவுக்காரர்களுக்கு என்ன பதில்?

இது நம் ஊரில் பெரிய தலைவலி. சுசீந்திரம் தேரானாலும் கோட்டாறு சவேரியார் திருவிழாவானாலும் நாலு சொந்தம் கூடுகிற இடத்தில் முதல் விசாரிப்பே உடம்பைப் பற்றித்தான். மெலிந்திருந்தால் "ஏன் வாடிப்போனா?", சதை போட்டிருந்தால் "ஏன் ஊதிப்போனா?" இதில் பிறர் மனசை நோகடிக்கிற எண்ணம் யாருக்கும் இல்லை. பெரியவர்களிடம் சண்டை போடவும் முடியாது. சண்டை தேவையும் இல்லை. பிள்ளைக்குக் கேட்கிற மாதிரி ஒரு வரி போதும். "அவ நல்லாத்தான் இருக்கா அத்தை. பள்ளிக்கூடத்துல இப்பம் சிலம்பம் படிக்கா தெரியுமா? நீங்க எப்பம் வந்திய?" பேச்சை மாற்றிவிடுங்கள். அத்தைக்கு மரியாதை குறையவில்லை. பிள்ளைக்கோ அம்மா தன் பக்கம் நின்றாள் என்று தெரிந்துவிட்டது. பத்து அறிவுரையைவிட இந்த ஒரு வரிக்கு வலு அதிகம்.

கூடவே இருக்கிற பாட்டி, சித்தப்பா போன்றவர்களிடம் தனியே, பிள்ளை இல்லாத நேரத்தில், நேராகவே சொல்லிவிடலாம்: "அவ உடம்பைப் பத்தி அவ முன்னால யாரும் பேச வேண்டாம், பட்டப்பேரும் வேண்டாம்." 'குண்டூஸ்', 'பூசணி' எல்லாம் செல்லப் பெயர்தானே என்பார்கள். செல்லம் என்பது கூப்பிடுகிறவருக்கு. அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர்களின் அகாடமி 2017-ல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், டாக்டர்களே இப்படிப்பட்ட சொற்களைத் தவிர்த்து, மனசைத் தைக்காத சொற்களைப் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. டாக்டருக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால் சித்தப்பாவுக்கு இருக்கக்கூடாதா?

இன்னொரு பேச்சையும் கொஞ்சம் கவனியுங்கள். அது உங்களைப் பற்றி நீங்களே பேசுவது. பீரோக் கண்ணாடி முன்னால் நின்று, "ஐயையோ, எப்படி ஆயிட்டேன் பாரு... இந்தச் சேலை கட்டவே வெக்கமா இருக்கு" என்று அம்மா சலித்துக்கொள்வதைக் கட்டிலில் படுத்தபடி பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தேசியக் குடும்ப நல ஆய்வு (2019-21) கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் கூடுதல் எடையோடு இருக்கிறார்கள். ஆக, பாதி வீடுகளில் இந்தக் கண்ணாடிப் புலம்பல் கேட்கும். உங்கள் உடம்பை நீங்கள் வெறுப்பதைப் பார்த்துத்தான், அதே அச்சில் வார்த்த தன் உடம்பை வெறுக்க அவள் கற்றுக்கொள்கிறாள்.

அப்படியானால் சாப்பாடு?

'அப்போ கேட்டதெல்லாம் கொடுத்துக்கொண்டே இருப்பதா?' இல்லை. பிள்ளையின் தட்டை மட்டும் மாற்றாமல், வீட்டுச் சாப்பாட்டை எல்லோருக்குமாக மாற்றுவது. இதுதான் விஷயம். அண்ணனுக்கு நேந்திரங்காய் சிப்ஸ், தங்கைக்கு வெள்ளரிக்காய் என்று ஒரே மேசையில் இரண்டு சட்டம் போட்டால், அவள் வெள்ளரிக்காயை வெறுக்கக் கற்றுக்கொள்வாள். சிப்ஸை ரகசியமாகத் தின்னவும் கற்றுக்கொள்வாள்.

இதையும் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜெனிபர் ஃபிஷர், லீன் பர்ச் என்ற இருவர், சின்னக் குழந்தைகள் முன்னால் ஒரு தின்பண்டத்தைக் கண்ணாடி ஜாடியில் போட்டு மேசை நடுவில் வைத்தார்கள். சிறிது நேரம் மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதி. மற்றொரு பண்டத்தை இஷ்டம்போல எடுக்கலாம். என்ன ஆயிற்று? குழந்தைகளின் பேச்சு, கண், கை எல்லாம் அந்தப் பூட்டின ஜாடியையே சுற்றின. 1999-ல் வந்த அந்த ஆய்வைப் படித்தால் நம் வீட்டுப் பரண்மேல் ஒளித்து வைக்கிற முந்திரிக்கொத்து டப்பாதான் ஞாபகம் வரும். ஒளித்து வைக்கிற நாளில்தானே அது சீக்கிரம் தீர்கிறது!

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் சொல்லித் தந்த ஒரு பங்கீடு எந்த வீட்டுக்கும் பொருந்தும். என்ன சாப்பாடு, எப்போது, எங்கே உட்கார்ந்து என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும். வைத்ததில் எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்ய வேண்டும். 'இன்னும் ஒரு அகப்பை' என்று திணிப்பதும் தவறு, 'போதும், எழுந்திரு' என்று பறிப்பதும் தவறு. இரண்டுமே, வயிறு சொல்வதைக் கேட்கிற பழக்கத்தைப் பிள்ளையிடமிருந்து பிடுங்கிவிடுகின்றன.

என்ன சமைப்பது என்பதில் நம் மாவட்டத்துக்காரர்களுக்குக் கவலையே வேண்டாம். திருவிதாங்கூர் - கொச்சியிலிருந்து பிரிந்து 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்த மாவட்டம் இது. அரசியல் எல்லை மாறினாலும் அடுக்களையில் இரண்டு பக்கத்து ருசியும் இருக்கிறது. புட்டும் சிறுபயறும், மீன்குழம்பு, அவியல், புளிசேரி என்று எத்தனை இல்லை? சாயங்காலம் பேக்கரி பஃப்ஸுக்குப் பதில் ஏத்தன் பழத்தை அவித்து வையுங்கள். பயறுச் சுண்டல், மோர், மட்டிப் பழம்... (நம் ஊர் மட்டிப் பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது!) பாட்டில் குளிர்பானத்தை வீட்டில் வாங்கி வைக்காதீர்கள். கால் லிட்டரில் 25 கிராமை ஒட்டிச் சர்க்கரை இருக்கிறது. யாருக்கும் அது வேண்டாம், அப்பாவுக்கும் சேர்த்துத்தான். ஆனால் கல்யாணத்தில் பாயசம் வந்தால் அவளும் எல்லோரையும்போலப் பப்படத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிடட்டும். அவள் இலையை யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம்.

ராத்திரிச் சாப்பாட்டை எல்லோரும் சேர்ந்து, டி.வி.யையும் செல்போனையும் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அந்த நேரத்தில் மார்க், எடை இரண்டைப் பற்றியும் பேச்சு வேண்டாம். தூக்கத்தையும் கவனியுங்கள். 6 முதல் 12 வயதுவரை 9 மணி நேரத்துக்குக் குறையாமலும், அதற்கு மேல் 18 வயதுவரை 8 மணி நேரத்துக்குக் குறையாமலும் தூங்க வேண்டும். தூக்கம் கெட்ட பிள்ளைக்குப் பசியும் கெடும், கோபமும் வரும்.

விளையாட்டு தண்டனை அல்ல

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்குத் தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் உடம்பு அசைய வேண்டும் என்கிறது. ஒல்லிப் பிள்ளைக்கும் அதே ஒரு மணி நேரம்தான். 'தோசை சாப்பிட்டாயே, போய்ப் பத்து சுற்று ஓடு' என்று கணக்குப் போட்டால், ஓட்டம் ஆயுள் முழுக்கத் தண்டனையாகத்தான் ஞாபகத்தில் நிற்கும்.

சதைப் பிடிப்பான பிள்ளைக்கு ஓட்டப் பந்தயத்தில் ஆசை வராமல் இருக்கலாம். ஆனால் தண்ணீரில் இறங்கினால் அவள் ராணி! நீச்சலில் மூட்டுக்குப் பாரம் கிடையாது, மூச்சும் சீராகும். குளங்கள் நிறைந்த மாவட்டம் நம்முடையது. ஆனாலும் நீச்சல் தெரிந்த பெரியவர் கூடவே இறங்கிக் கற்றுத்தர வேண்டும், தனியே அனுப்பக்கூடாது. சிலம்பம் இருக்கிறது. இந்த மண்ணுக்கே உரிய அடிமுறை இருக்கிறது. இவற்றில் உறுதியான கால்களும் கனமான நிலையும் பலம்தான். குண்டு எறிதலும் கபடியும் அப்படியே. இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சொத்தவிளை கடற்கரையில் மணலில் நடங்கள், மாத்தூர் தொட்டிப் பாலத்தின் மேலே அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை குடும்பத்தோடு போய்வாருங்கள். எத்தனை கலோரி கரைந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

பள்ளியில் கேலி தொடர்ந்தால் வகுப்பு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். சத்தம் போட வேண்டாம், நடந்ததைத் தேதியோடு சொல்லுங்கள். ஆசிரியரே பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார் என்றால் தயங்காமல் தலைமையாசிரியரிடம் போங்கள். 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 17-ம் பிரிவில், உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது.

எப்போது டாக்டரிடம்?

உடம்பைப் பற்றிப் பேசாதே என்றால் உடம்பைக் கவனிக்காதே என்று பொருளல்ல. கழுத்தின் பின்பக்கத்திலும் அக்குளிலும் கறுப்பாக, வெல்வெட் மாதிரி தடித்திருக்கிறதா? அழுக்கு என்று நினைத்துப் பயத்தமாவு போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பிள்ளையை அழவைக்கிற அம்மாக்கள் உண்டு. அது அழுக்கல்ல. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று உடம்பு காட்டுகிற அடையாளமாக இருக்கலாம். தேய்ப்பதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் திணறல், இடுப்பு அல்லது முட்டு வலியோடு நொண்டுதல், அடிக்கடி தலைவலி, அதிக தாகமும் அடிக்கடி சிறுநீரும், வயசுக்கு வந்த பெண்ணுக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போவது... இவற்றையும் காட்ட வேண்டும். எடை கூடியபோதும் உயரம் கூடாமல் நின்றுவிட்டால் தைராய்டு போன்ற ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வயசுக்கேற்ற உயரத்தோடு வளர்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் அந்தக் கோளாறு இருக்காது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. உங்கள் குடும்ப டாக்டரிடமும் தொடங்கலாம். உள்ளே போவதற்கு முன், "எடை விவரத்தைத் தயவுசெய்து என்னிடம் தனியாகச் சொல்லுங்கள் டாக்டர்" என்று கேட்டுக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

மனசின் அறிகுறிகள் இன்னும் அவசரமானவை. பள்ளிக்குப் போக மறுப்பது, சாப்பிட்டதும் பாத்ரூமுக்குள் நெடுநேரம் இருப்பது, வாந்தி எடுப்பது, சாப்பாட்டை ஒளிப்பது, 'நான் இல்லாமலே போயிடலாம்' என்பது போன்ற பேச்சு... இவற்றில் எதையும் 'நாடகம்' என்று தள்ளாதீர்கள். மத்திய அரசின் மனநல உதவி எண் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம். தமிழிலும் பேசலாம்.

கடைசியாக, துணி சமாச்சாரம். சின்னதாகத் தோன்றும், ஆனால் பிள்ளைக்கு இது தினசரிப் பாடு. பள்ளி திறக்குமுன் யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்கும்போது, அவள் உடம்புக்கு இன்று என்ன அளவோ அந்த அளவுக்குத் தாராளமாகத் தைக்கச் சொல்லுங்கள். கை தூக்கினால் தையல் விடாத சட்டை, குனிந்தால் இறுக்காத இடுப்பு. அளவு எடுக்கிறபோது டெய்லர் ஏதாவது சொல்வாரோ என்ற சந்தேகம் இருந்தால், நன்றாகப் பொருந்துகிற பழைய உடுப்பை மாதிரிக்குக் கொடுத்துவிடுங்கள். "மெலிஞ்சதும் போட்டுக்கலாம்" என்று அலமாரியில் தொங்கவிட்டிருக்கிற அந்தப் பட்டுப் பாவாடையை எடுத்து சித்தி மகளுக்குக் கொடுங்கள். அடுத்த ஓணத்துக்கோ தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ, அவளையே கடைக்குக் கூட்டிப்போய், அவளுக்குப் பிடித்த நிறத்தில், இப்போதே போட்டுக்கொள்கிற மாதிரி ஒன்று எடுத்துக் கொடுங்கள்.